மாடல் ரயிலுக்குத் தண்டவாளமும் பாயின்ட்டும் நாமே செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அல்சூர், காக்ஸ் டவுன், ஸ்ரீராமபுரம் என்று பெங்களூரின் பல மூலைகளிலிருந்து நண்பர்கள் என் வீட்டில் இருக்கிற மாடல் ரயில் லேஅவுட்டைப் பார்க்க வருகிறார்கள். பார்த்து முடித்ததும் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிய பதில்களை இங்கே ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டுவிட்டேன். தனியாகச் சொல்லாத இடங்களில் எல்லா அளவும் எச்ஓ அளவுக்கானவை, அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. பாயின்ட் என்று எழுதுவது, ஒரு பாதை இரண்டாகப் பிரிகிற அமைப்பு முழுவதையும் சேர்த்துத்தான்.

1. கடையில ரெடிமேடா ட்ராக் கிடைக்குதே, அப்புறம் எதுக்கு சார் கையால செய்யணும்?

முதல் காரணம் நம்ம ஊர் ரயில்தான். இந்திய அகலப் பாதையில் இரண்டு தண்டவாளத்துக்கு நடுவே 1676 மி.மீ. கடைகளில் விற்கிற எச்ஓ ட்ராக் வெளிநாட்டு 1435 மி.மீ. பாதைக்கானது. அதை 87-ஆல் வகுத்தால் 16.5 மி.மீ. நம்முடைய 1676-ஐ வகுத்தால் 19.25 வருகிறது. இரண்டேமுக்கால் மி.மீ. வித்தியாசம் கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் ஒரு டபிள்யூஏபி-7 எஞ்சினை 16.5 பாதையில் நிறுத்தி, முன்பக்கமாகக் குனிந்து பாருங்கள். உடம்பு அகலமாகவும் கால் ஒடுங்கியும் தெரியும். 19.25-க்கு நான் பார்த்தவரை எந்தக் கடையிலும் ட்ராக் கிடையாது. வேண்டுமென்றால் நாமேதான் செய்ய வேண்டும். அயர்லாந்துக்காரர்களுக்கும் இதே நிலைமைதான். அவர்கள் பாதை 5 அடி 3 அங்குலம் என்பதால், அடிக்கு 4 மி.மீ. என்ற அளவில் 21 மி.மீ. பாதையைக் கையால் போடுகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

இரண்டாவது காரணம், பாயின்ட்டின் வடிவம். கடையில் ரெடிமேடாகக் கிடைக்கிற பெக்கோ ஸ்ட்ரீம்லைன் பாயின்ட்கள் 12 டிகிரியில் பிரியும். நம் ரயில்வேயில் யார்டுகளில் நிறையப் பார்க்கிற 8.5-க்கு 1 பாயின்ட், அதாவது 8.5 பங்கு நீளத்துக்கு 1 பங்கு விலகுவது, 6.7 டிகிரி, 12-க்கு 1 பாயின்ட் 4.8 டிகிரி. பெட்டிகள் அதன்மேல் வளைந்து போகிற அழகே வேறு. செலவு மிச்சம் என்பதை நான் காரணமாகச் சொல்ல மாட்டேன். மிச்சமாகும்தான், ஆனால் அதற்காக மட்டும் இறங்கினால் இரண்டாவது பாயின்ட்டிலேயே அலுத்துவிடும்.

2. எனக்குக் கை நடுங்கும், கண்ணாடி போட்டாத்தான் தெரியும். என்னால முடியுமா?

முடியும். இது கைத்திறமையைவிட அளந்து பார்க்கிற பழக்கத்தை நம்பிய வேலை. கண்ணால் பார்த்து ‘சரியாகத்தான் இருக்கிறது’ என்று வைத்தால் நல்ல கைக்காரருக்கும் வண்டி தடம் புரளும். கேஜை, அதாவது தண்டவாள இடைவெளியைச் சரியாக நிறுத்துகிற கருவியை வைத்து, அது சொல்கிற இடத்தில் தண்டவாளத்தை அழுத்திப் பிடித்து சால்டர் வைத்தால் நடுங்குகிற கைக்கும் சரியாக வரும். பிடித்துக்கொள்கிற வேலையைக் கேஜ் செய்கிறது, சூடு காட்டுகிற வேலை மட்டும் நம்முடையது. பார்வைக்கு, எல்இடி விளக்கு பொருத்திய பூதக்கண்ணாடி ஒன்று மேஜையில் இருக்கட்டும். அது எல்லா வயதுக்காரர்களுக்கும் தேவை.

3. என்னென்ன வாங்கணும்? பெங்களூர்ல எங்க கிடைக்கும்?

பாதிக்கு மேல் எஸ்.பி. ரோட்டிலேயே முடிந்துவிடும். 50 அல்லது 60 வாட் சால்டரிங் அயர்ன், 63/37 ஈயக் கம்பி (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு ஈயம்), சால்டர் பிடிக்க உதவுகிற ஃப்ளக்ஸ், மல்டிமீட்டர், ஒயர், ஒரு பக்கம் மட்டும் செம்பு பூசிய 1.6 மி.மீ. பிசிபி பலகை. 25 வாட் அயர்ன் மின்னணு வேலைக்குப் போதும், தண்டவாளத்துக்குப் போதாது. சூடு முழுவதையும் தண்டவாளமே இழுத்துக்கொள்ளும்.

அரமும் ரம்பமும் வாங்க அவென்யூ ரோடு, நகர்த்பேட்டைப் பக்கம் போங்கள். அங்கே நகைப் பட்டறைகள் நிறைய. அவர்களுக்குக் கருவி விற்கிற கடைகளில் ஊசி அரம் செட், நகை ரம்பமும் அதற்கான மெல்லிய பிளேடுகளும், நல்ல சாமணம் எல்லாம் கிடைக்கும். ஒரு தட்டையான பெரிய அரமும் வாங்கிக்கொள்ளுங்கள். பாயின்ட் வேலையில் பாதி நேரம் அந்த அரத்தோடுதான் போகும், அதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

மீதி இருப்பது டிஜிட்டல் காலிப்பரும் கேஜும். 16.5 பாதைக்கு அமெரிக்காவின் என்எம்ஆர்ஏ சங்கம் தருகிற தகட்டுக் கேஜ் ஒன்று போதும். சக்கர இடைவெளி, தண்டவாள இடைவெளி, செக் ரயில் இடைவெளி (கேள்வி 10) எல்லாவற்றையும் அதிலேயே பார்த்துக்கொள்ளலாம். 19.25-க்கு நான் பார்த்தவரை கேஜ் விற்பனைக்கு இல்லை. பீன்யாவில் ஏதாவது ஒரு சின்ன லேத் பட்டறையில் படம் வரைந்து கொடுத்துக் கடைந்து வாங்க வேண்டியதுதான். இரண்டு பள்ளம் வைத்த உருளை, பள்ளத்தில் தண்டவாளத்தின் தலை உட்கார வேண்டும், இரண்டு பள்ளத்துக்கும் நடுவே 19.25. பித்தளை வேண்டாம், அலுமினியத்தில் கடையச் சொல்லுங்கள், சால்டர் அதில் ஒட்டாது. ஒன்று போதாது, குறைந்தது மூன்று வேண்டும்.

4. கோட் 100, கோட் 75ன்னு சொல்றாங்களே, எதை வாங்கறது? வெறும் தண்டவாளம் கிடைக்குமா?

அந்த எண், தண்டவாளத்தின் உயரம் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பது. கோட் 100 என்றால் 2.54 மி.மீ., கோட் 75 என்றால் 1.9 மி.மீ. நம் ரயில்வேயின் 60 கிலோ தண்டவாளம் 172 மி.மீ. உயரம், 87-ஆல் வகுத்தால் 1.98. பழைய 52 கிலோ தண்டவாளம் 156 மி.மீ., அது 1.79. ஆகவே மெயின் லைனுக்குக் கோட் 75, யார்டுக்கும் லூப் லைனுக்கும் கோட் 70 என்று வைத்தால் நிஜத்துக்கு வெகு பக்கத்தில் வரும். கோட் 100 கண்ணுக்கு மிகவும் தடித்துத் தெரியும்.

வெறும் தண்டவாளமாகவும் விற்கிறார்கள், இங்கே வரவழைப்பதுதான் சிரமம். சுலபமான வழி, ஃப்ளெக்ஸ் ட்ராக் (வளைக்கக்கூடிய ரெடிமேட் ட்ராக்) ஒன்றை வாங்கி, பிளாஸ்டிக் ஸ்லீப்பரிலிருந்து, அதாவது அடியில் குறுக்கே இருக்கிற கட்டைகளிலிருந்து, தண்டவாளத்தை உருவிக்கொள்வது. 914 மி.மீ. துண்டு ஒன்றில் சுமார் 1.8 மீட்டர் தண்டவாளம் இருக்கிறது. ஒரு 6-க்கு 1 பாயின்ட்டுக்கு ஒன்றேகால் மீட்டர் போதும். நிக்கல் சில்வரா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். அது செம்பும் துத்தநாகமும் நிக்கலும் சேர்ந்த கலவை, பெயரில்தான் வெள்ளி. எஃகுத் தண்டவாளம் மலிவாகக் கிடைத்தாலும் துருப்பிடிக்கும், சால்டரும் சரியாகப் பிடிக்காது.

5. ஸ்லீப்பர் மரத்துலயா, பிசிபி-யிலயா?

இரண்டும் கலந்து. பிசிபி-யின் மேல் செம்பு இருப்பதால் தண்டவாளத்தை அதன்மேல் நேராகச் சால்டர் வைத்துவிடலாம், ஆணி வேண்டாம். நேர் பாதையில் ஐந்து ஸ்லீப்பருக்கு ஒன்று பிசிபி, மற்றவை மரம். பாயின்ட்டில் எல்லாமே பிசிபி-யாக இருந்தால் நிம்மதி.

அளவு நமக்கு அதிர்ஷ்டவசமாக அமைந்திருக்கிறது. அகலப் பாதை மர ஸ்லீப்பர் 2750 மி.மீ. நீளம், 250 அகலம், 130 தடிமன். வகுத்தால் 31.6, 2.9, 1.5 மி.மீ. எஸ்.பி. ரோட்டில் கிடைக்கிற பலகையின் தடிமன் 1.6 என்பதால் தடிமனுக்கு எதுவுமே செய்ய வேண்டாம். மரத்துக்குக் காபி கலக்கும் குச்சி நன்றாக ஒத்துவரும். பால்சா வேண்டாம், நகம் பட்டாலே பள்ளம் விழும். ஸ்லீப்பருக்கு ஸ்லீப்பர் 7 மி.மீ. வைத்தால் கிலோமீட்டருக்கு 1660 ஸ்லீப்பர் என்ற இன்றைய மெயின் லைன் கணக்கு ஏறக்குறைய வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. பச்சையாக, கொஞ்சம் ஒளி ஊடுருவுவது போல இருக்கிற கிளாஸ் எபாக்ஸி பலகையை அறுக்கும்போது கண்ணாடி இழைத் தூள் பறக்கும். முகக்கவசம் போடுங்கள், பலகையை ஈரமாக வைத்து அறுங்கள், சமையலறையில் அறுக்காதீர்கள்.

6. 16.5-லயே ஆரம்பிக்கலாமா, நேரா 19.25-க்குப் போயிடலாமா?

பாதை போடுவதைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே உழைப்புதான். வித்தியாசம் வண்டிகளில் இருக்கிறது. 19.25-க்குப் போனால் உங்களிடம் இருக்கிற ஒவ்வொரு சக்கரத்தையும் அச்சில் வெளியே தள்ள வேண்டும். சக்கரங்களின் உள்பக்க இடைவெளி 14.4 மி.மீ.-லிருந்து 17.15 ஆக வேண்டும். பெட்டிகளுக்கு இது பெரும்பாலும் சுலபம், அச்சு நீளம் இடம் கொடுக்கும். எஞ்சின் அப்படியில்லை. புது அச்சு, பல்சக்கரத்தை மையத்தில் நிறுத்துவது, போகியின் (பெட்டி அல்ல, அடியில் சக்கரங்களைத் தாங்குகிற வண்டி) பக்கச் சட்டத்தை நகர்த்துவது என்று வேலை நீளும்.

என் யோசனை: முதல் இரண்டு மூன்று பாயின்ட்டை 16.5-ல் செய்யுங்கள். ஓட்டிப் பார்க்க இருக்கிற வண்டியே போதும், தவறு பாதையிலா சக்கரத்திலா என்ற குழப்பம் வராது. பிறகு ஓர் அடி நீளப் பலகையில் 19.25 பாதை போட்டு, ஒரே ஒரு பெட்டியை மாற்றி நிறுத்திப் பாருங்கள். அதைப் பார்த்த பிறகும் 16.5 போதும் என்று தோன்றினால், அதுவும் நல்ல முடிவுதான்.

7. முதல்ல எதைச் செய்யறது? எந்த வரிசையில?

ஒரு முழம் நேர் பாதை, அப்புறம் பாயின்ட். நேர் பாதையில் ஒரு தண்டவாளத்தை ஸ்கேல் வைத்து நேராக ஒட்டி, மற்றதைக் கேஜ் வைத்து ஒட்டினால் தீர்ந்தது.

பாயின்ட்டில் வரிசை முக்கியம். முதலில் நேராகப் போகிற ஸ்டாக் ரயில், அதாவது அசையாத வெளிப்பக்கத் தண்டவாளம். அடுத்து கிராசிங், அதாவது இரண்டு தண்டவாளம் ‘வி’ போலச் சேர்கிற மூக்கு. அந்த மூக்கை முதல் ஸ்டாக் ரயிலிலிருந்து கேஜ் வைத்து நிறுத்த வேண்டும். பிறகு மூக்கின் இரு பக்கமும் வருகிற விங் ரயில்கள், வளைந்த ஸ்டாக் ரயில், மூக்குக்கு எதிரே ஸ்டாக் ரயிலை ஒட்டி வைக்கிற குட்டைச் செக் ரயில்கள், கடைசியில் வண்டியைத் திருப்ப நகர்கிற கூரான டங் ரயில் இரண்டும். ஒவ்வொன்றும் அதற்கு முன் வைத்ததிலிருந்து அளந்து வைக்கப்படுவதால், வரிசையை மாற்றினால் பிழை ஒன்றின்மேல் ஒன்றாக ஏறும்.

8. டெம்ப்ளேட் பிரிண்ட் எடுத்தா அளவு கொஞ்சம் சின்னதா வருதே?

டெம்ப்ளேட் என்பது பாயின்ட்டின் முழு அளவு வரைபடம். ஜெராக்ஸ் கடையில் அதை ‘ஃபிட் டு பேஜ்’ போட்டு எடுத்திருப்பார்கள். நூறு சதவீத அளவில் எடுக்கச் சொல்லுங்கள். தாளில் 100 மி.மீ. கோடு ஒன்றை நீளவாக்கிலும் குறுக்கிலும் சேர்த்து வைத்து, கடையிலேயே ஸ்கேல் வைத்துப் பாருங்கள். டெம்ப்ளாட் என்ற மென்பொருள் இலவசம், 19.25 போன்ற சொந்த அளவையும் அதில் கொடுக்கலாம். கனடாவின் ஃபாஸ்ட் ட்ராக்ஸ் நிறுவனம் 16.5 அளவுக்கு அச்சிடத் தயாரான படங்களை இலவசமாகத் தருகிறது. தாள் வழிகாட்டி மட்டுமே, கடைசி வார்த்தை கேஜுடையது.

9. அந்த ‘வி’ மூக்கை எப்படிப் பண்றது? எனக்கு அங்கதான் பயம்.

பயப்பட வேண்டிய இடமே இல்லை, பொறுமை வேண்டிய இடம். 6-க்கு 1 கிராசிங் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தண்டவாளத்தின் நுனியை இரண்டு பக்கமும் அரத்தால் தேய்த்துக் கூராக்குங்கள். இன்னொன்றை ஒரு பக்கம் மட்டும் சாய்வாகத் தேய்த்து, முதலாவதின் பக்கவாட்டில் படியும்படி செய்யுங்கள். இரண்டையும் ஒரு மரக்கட்டையில் கோடு போட்ட சாய்வில் குண்டூசி அடித்துப் பிடித்து, அடியில் சால்டர் விடுங்கள்.

சரிபார்க்க எளிய வழி இருக்கிறது. வெளிப்பக்க விளிம்புகளை அளந்தால், மூக்கிலிருந்து 60 மி.மீ. தள்ளி இரண்டுக்கும் நடுவே 10 மி.மீ. இருக்க வேண்டும். 8.5-க்கு 1 செய்கிறீர்கள் என்றால் 85 மி.மீ. தள்ளி 10. ஒரு வெள்ளைத் தாளில் அந்த முக்கோணத்தை வரைந்து, செய்த மூக்கை அதன்மேல் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கூர் முனையை அப்படியே விடக் கூடாது. அரை மி.மீ. அகலம் வரும்வரை முனையை மழுக்கி, மேல் தலையில் ஒரு மயிரிழை தாழ்த்துங்கள். சக்கரம் விங் ரயிலிலிருந்து மூக்குக்கு மாறும்போது இடிக்காமல் ஏற வேண்டும். நிஜ ரயில்வேயிலும் மூக்கு விங் ரயிலைவிடச் சற்றுத் தாழ்ந்துதான் இருக்கும்.

10. செக் ரயில் சும்மா அழகுக்குத்தானே? விட்டுட்டா என்ன?

விடவே கூடாது. பாயின்ட்டில் சக்கரத்துக்குத் துணையில்லாத இடம் ஒன்று உண்டு: விங் ரயில் முடிந்து மூக்கு தொடங்குவதற்கு நடுவிலுள்ள இடைவெளி. அந்த நொடியில் சக்கரம் எந்தப் பக்கம் போகும் என்பதை முடிவு செய்வது, எதிர்ப் பக்கத்துச் செக் ரயில்தான். அது எதிர்ச் சக்கரத்தின் முதுகைப் பிடித்து இழுத்து, இந்தச் சக்கரத்தின் விளிம்பு (உள்பக்கம் கீழே நீட்டிக்கொண்டிருக்கிற ஃப்ளேஞ்ச்) மூக்கில் மோதாமல் காப்பாற்றுகிறது.

இங்கே பார்க்க வேண்டிய அளவு, மூக்கின் ஓடும் விளிம்பிலிருந்து எதிர்ச் செக் ரயிலின் உரசும் முகம் வரை உள்ள தூரம். 16.5 பாதையில் விளிம்பு போகிற இடைவெளி 1.25 மி.மீ. என்று வைத்தால் இந்தத் தூரம் 15.25. சக்கரத்தின் உள்பக்க இடைவெளி 14.4, விளிம்பின் தடிமன் முக்கால் மி.மீ., கூட்டினால் 15.15. பத்தில் ஒரு மி.மீ. மிச்சம் இருக்கிறது, அதுதான் நம் பாதுகாப்பு. செக் ரயிலை மூக்கை நோக்கிக் கொஞ்சம் நகர்த்தி 15 ஆக்கிவிட்டால் சக்கரம் மூக்கில் முட்டும்.

இன்னொரு பக்கமும் பாருங்கள். விங் ரயிலின் முகத்துக்கும் செக் ரயிலின் முகத்துக்கும் நடுவே 14 மி.மீ. வரும். இது 14.4-க்கு மேல் போனால் சக்கர ஜோடி இறுகி, மேலே ஏறிவிடும். இந்த இரண்டு அளவும் சரியாக இருந்தால், பார்க்க அழகில்லாத பாயின்ட்கூட ஓடும். இவை பிசகினால் எவ்வளவு அழகாகச் செய்தாலும் ஓடாது. 19.25 போடுகிறவர்கள் 15.25, 14, 14.4 மூன்றோடும் 2.75-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள்.

11. டங் ரயில் நுனியை எவ்வளவு மெல்லிசா தேய்க்கணும்?

கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு. தண்டவாளத்தை ஒரு மரக்கட்டையின் ஓரத்தில் படுக்க வைத்து, ஸ்டாக் ரயிலோடு ஒட்டுகிற பக்கத்தைப் பெரிய அரத்தால் நீளவாக்கில் தேய்த்துக்கொண்டே வாருங்கள். அடிப்பாகம் போய், நடுத்தகடு தெரிந்து, தலையும் நுனியில் மறைய வேண்டும். பிறகு மறுபக்கத்தில் நுனியை மட்டும் லேசாக. ஸ்டாக் ரயிலின் அடிப்பாகத்திலும் உள்பக்கம் கொஞ்சம் தேய்த்து, டங் ரயில் வந்து படிய இடம் செய்ய வேண்டும். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

சோதனை விரல் நகத்தில்தான். டங் ரயிலை ஸ்டாக் ரயிலோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, வண்டி வருகிற திசையில் நகத்தை ஸ்டாக் ரயிலின் உள்பக்கமாக இழுத்துக்கொண்டு வாருங்கள். நுனி வருகிற இடம் நகத்துக்குத் தெரியக் கூடாது. சின்னதாக ‘டிக்’ என்று தட்டினாலும் திரும்ப அரத்தை எடுங்கள். நகம் தட்டுகிற இடத்தில் சக்கரமும் தட்டும்.

திறந்திருக்கிற டங் ரயிலின் முதுகையும் பாருங்கள். நுனியில் 2 மி.மீ. திறந்திருந்தாலும், பின்னால் போகப் போக இடைவெளி குறுகும். எங்கேயும் 1.35-க்குக் கீழே போகக் கூடாது. போனால் சக்கரத்தின் முதுகு உரசி, கேள்வி 13-ல் வருகிற ஷார்ட் ஆகும்.

12. ஒரு பக்கம் சால்டர் வைக்கும்போது ஏற்கெனவே வச்சது கழண்டு வருது.

மூக்கை ஈயம் கலக்காத சால்டரால் ஒட்டுங்கள், மற்றதையெல்லாம் 63/37-ஆல். வெள்ளீயமும் செம்பும் மட்டும் சேர்ந்த அந்தக் கம்பி 227 டிகிரியில் உருகும், 63/37 வெறும் 183-ல். கீழே ஸ்லீப்பரில் வைக்கும்போது மேலே மூக்கு அசையாது. அயர்ன் சூடாக இருந்து, தொடுவது இரண்டு நொடிக்குள் முடிய வேண்டும். சூடு போதாத அயர்னை வைத்து நீண்ட நேரம் அழுத்துவதுதான் அக்கம்பக்கத்தையும் உருக்குகிறது. பக்கத்தில் ஓர் அலுமினிய கிளிப்பை மாட்டினால் சூட்டை அது வாங்கிக்கொள்ளும். முடிந்ததும் பழைய டூத் பிரஷ், தண்ணீர், கொஞ்சம் சமையல் சோடா போட்டுக் கழுவுங்கள். அமில ஃப்ளக்ஸ் மிச்சமிருந்தால் செம்பைப் பச்சையாக்கிவிடும்.

13. பாயின்ட்டைப் போட்டு கரண்ட் கொடுத்ததும் ஷார்ட் ஆகுது. ஏன்?

பிசிபி ஸ்லீப்பரின் மேல் செம்பு முழுவதும் ஒன்றாக இருக்கிறது. இரண்டு தண்டவாளமும் அதில் ஒட்டியிருந்தால் ஷார்ட் ஆகாமல் என்ன செய்யும்? ஒவ்வொரு ஸ்லீப்பரிலும் செம்பை நடுவில் அரத்தால் கீறிப் பிரிக்க வேண்டும். ஒட்டுவதற்கு முன்பே கீறி, மல்டிமீட்டர் ‘பீப்’ அடிக்கிறதா என்று பார்த்துவிட்டால், பிறகு தேட வேண்டியதில்லை.

அடுத்தது மூக்கு. நேராகப் போகும்போது அதற்கு ஒரு துருவம் வேண்டும், பிரிந்து போகும்போது எதிர்த் துருவம். அதனால் மூக்கையும் விங் ரயில்களையும் தனித் தீவாக்கிவிடுங்கள். டங் ரயில் பக்கம் இரண்டு வெட்டு, அந்தப் பக்கம் வெளியே போகிற இரண்டு தண்டவாளத்திலும் இன்சுலேட்டட் ஜாயினர், அதாவது கரண்ட் கடத்தாத இணைப்பு. தீவுக்கு ஒரு ஒயர் இழுத்து, பாயின்ட் மாறும்போது கூடவே மாறுகிற ஒரு சுவிட்சில் கொடுக்க வேண்டும். டங் ரயில் ஒவ்வொன்றையும் அதனதன் ஸ்டாக் ரயிலோடு ஒயரால் இணையுங்கள். அப்படிச் செய்தால் டங் ரயில் தொடுகிற அழுத்தத்தை நம்பிக் கரண்ட் ஓட வேண்டியதில்லை, முதுகு உரசினாலும் ஷார்ட் இல்லை. டிசிசி (டிஜிட்டல் முறையில் வண்டியை ஓட்டுவது) வைத்திருப்பவர்களுக்கு இது கட்டாயம். இரண்டு டங் ரயிலையும் சேர்க்கிற பட்டியிலும் செம்பை நடுவில் கீற மறக்காதீர்கள்.

14. பாயின்ட் மோட்டார் விலை ரொம்ப அதிகமா இருக்கே?

எஸ்ஜி-90 சர்வோ என்ற குட்டி மோட்டார் போதும், எஸ்.பி. ரோட்டில் எந்தக் கடையிலும் இருக்கும். அதை இயக்க ஓர் ஆர்டுயினோ நானோ (நிரல் எழுதக்கூடிய சின்னப் பலகை), 0.8 மி.மீ. ஸ்பிரிங் கம்பி, ஒரு மைக்ரோ சுவிட்ச். சர்வோ கொஞ்சம் அதிகமாகத் தள்ளினாலும் கம்பி வளைந்து அந்த மிச்சத்தை வாங்கிக்கொள்ளும், சால்டர் தெறிக்காது. மேலே சொன்ன மூக்கின் ஒயர் அந்த மைக்ரோ சுவிட்சுக்குத்தான் போக வேண்டும். மெதுவாக நகரும்படி நிரல் எழுதினால் டங் ரயில் நகர்வதையே நின்று பார்க்கலாம்.

15. ஜல்லிக்கு என்ன போடறீங்க? கடைப் பாக்கெட்டா?

எம்-சாண்ட். பெங்களூரில் வீடு கட்டாத தெரு எங்கே இருக்கிறது? மேஸ்திரியிடம் கேட்டால் ஒரு டப்பா கொடுப்பார். அது உடைத்த கருங்கல்தான், நம் ரயில்வே போடுகிற ஜல்லியும் அதுவே. நிஜ ஜல்லி 65 மி.மீ. அளவில் தொடங்கிக் கீழே வரும், 87-ஆல் வகுத்தால் முக்கால் மி.மீ. இரண்டு டீ வடிகட்டியை வைத்துச் சலியுங்கள். பெரிய கண்ணில் தங்குவதும் வேண்டாம், சின்னக் கண்ணில் இறங்குகிற மாவும் வேண்டாம், நடுவில் நிற்பது மட்டும். கழுவி, காய வைத்து, ஒரு காந்தத்தை அதில் புரட்டுங்கள். இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டு வந்தால், வருவது நிற்கும்வரை புரட்டுங்கள். விட்டால் எஞ்சின் மோட்டாரின் காந்தம் அதை இழுத்துக்கொள்ளும்.

ஜல்லியைப் பரப்பி, சோப்புத் தண்ணீரைப் பனி போலத் தெளித்து, பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த ஃபெவிகாலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். டங் ரயில் நகர்கிற இடத்தில் ஒரு துகள்கூட இருக்கக் கூடாது.

16. நம்ம மெட்ரோ மாடல் பண்ணணும்னா?

அதற்கு 16.5 பாதையே மிகச் சரி. நம்ம மெட்ரோ 1435 மி.மீ. பாதையில்தான் ஓடுகிறது, கேள்வி 1-ல் சொன்ன சிக்கல் இல்லை. மேம்பாலத்தில் ஜல்லியும் கிடையாது, கான்கிரீட் திட்டின்மேல் தண்டவாளம் நேராக உட்காரும். பக்கத்தில் 750 வோல்ட் மூன்றாவது தண்டவாளம் ஒன்று வேண்டும், அதைப் பிளாஸ்டிக் பட்டையில் செய்தால் போதும்.

17. பையனுக்குப் பத்து வயசு. அவனையும் சேர்த்துக்கலாமா?

தாராளமாக. ஸ்லீப்பர் ஒட்டுவது, ஜல்லி சலிப்பது, மல்டிமீட்டர் பிடிப்பது எல்லாம் அவன் வேலை. பிசிபி அறுப்பது உங்கள் வேலை. சால்டர் கற்றுக்கொடுப்பதானால் ஈயம் இல்லாத கம்பியில், ஜன்னலைத் திறந்து வைத்து, கூடவே உட்கார்ந்து.

18. மழைக்காலத்துல பாதை வளைஞ்சு போச்சு. தண்டவாளம் நீளுமா?

தண்டவாளம் அவ்வளவு நீளாது. ஒரு மீட்டர் நிக்கல் சில்வர் 10 டிகிரி சூட்டுக்கு 0.2 மி.மீ.கூட நீளாது. நகர்வது அடியில் இருக்கிற மரம், ஈரத்தைக் குடித்து உப்பி, வெயிலில் சுருங்கும். நீர் தாங்கும் நல்ல ப்ளைவுட் வாங்கி, அறுத்த விளிம்புகளையும் அடிப்பக்கத்தையும் சேர்த்து வார்னிஷ் அடியுங்கள். மீட்டருக்கு ஓர் இடத்தில் அரை மி.மீ. இடைவெளி விட்டால் போதும்.

19. ஒரு பக்கமா போனா நல்லா போகுது, எதிர்ல வந்தா மட்டும் தடம் புரளுது. எங்க தேடறது?

முதலில் எந்த இடம் என்று பாருங்கள். மோட்டார் இல்லாத ஒரே ஒரு போகியை விரலால் மெதுவாகத் தள்ளினால் அது சொல்லிவிடும். ஆனால் அதற்கும் முன், அந்தப் போகியின் சக்கர இடைவெளியைக் காலிப்பரில் அளந்துவிடுங்கள். சக்கரம் 14.4 இல்லையென்றால் பாதையைத் தொடாதீர்கள்.

டங் ரயில் நுனியில் ஏறுகிறது என்றால் நகச் சோதனை செய்யுங்கள், கேள்வி 11. நுனி சரியாக இருந்தும் ஏறினால், டங் ரயில் ஸ்டாக் ரயிலோடு முழுக்கப் படியாமல் கம்பி அழுத்தம் குறைந்திருக்கும். மூக்கில் தவறுகிறது என்றால் செக் ரயில், கேள்வி 10. தடம் புரளவில்லை, மூக்கில் ‘டக்’ என்று விழுந்து எழுகிறது என்றால் விளிம்பு இடைவெளி அகலமாகிவிட்டது, சக்கரத்தின் தலை தாங்க இடமில்லை. மெல்லிய சக்கரம் போட்டவர்களுக்கு இது அதிகம் வரும். இடைவெளியைக் குறைக்கலாம், ஆனால் குறைத்த பிறகு 15.25-ஐயும் 14-ஐயும் மறுபடி அளக்க வேண்டும்.

போகி சரியாகப் போய், நீளமான பெட்டி மட்டும் விழுகிறதா? அது வளைவின் பிரச்சினை. எல்எச்பி வகைப் பயணிகள் பெட்டி 23.5 மீட்டர், நம் அளவில் 270 மி.மீ. பெட்டி நீளத்தைப் போல மூன்று மடங்காவது ஆரம் வேண்டும், அதாவது 810 மி.மீ.க்குக் குறையாமல். 8.5-க்கு 1 பாயின்ட்டின் வளைவு நிஜத்தில் சுமார் 232 மீட்டர் ஆரம், நமக்கு அது 2.67 மீட்டர். அந்தப் பாயின்ட்டில் இந்தக் கவலையே வராது.

20. பழைய பெங்களூர் சிட்டி மாதிரி ப்ராட் கேஜும் மீட்டர் கேஜும் வச்சு, ஒரே பாதையில ரெண்டையும் ஓட்ட முடியுமா?

முடியும், மூன்று தண்டவாளம் வேண்டும். மைசூர்ப் பக்கம் மீட்டர் கேஜ் இருந்த நாட்களை மாடலாகச் செய்ய நிறையப் பேருக்கு ஆசை இருக்கிறது. மீட்டர் கேஜ் நம் அளவில் 11.5 மி.மீ., 12 மி.மீ. சக்கரங்கள் கிடைப்பதால் 12 என்றே வைத்துக்கொள்ளலாம். ஒரு தண்டவாளம் பொது, அதிலிருந்து 12-ல் ஒன்று, 19.25-ல் இன்னொன்று. நேர் பாதையில் இது கஷ்டமே இல்லை, இரண்டு கேஜ் உருளை வைத்துக்கொண்டு கேள்வி 7-ல் சொன்னபடி போட்டுக்கொண்டு போகலாம்.

பாயின்ட்தான் சோதிக்கும். மூன்று தண்டவாளமும் பிரிகிற பாயின்ட்டில் மூக்குகள் கூடும், ஒவ்வொரு மூக்குக்கும் தனிச் செக் ரயில் கணக்கு வேண்டும். அதனால் முதலில் மீட்டர் கேஜ் மட்டும் பிரிந்து போகிற ஒரு பாயின்ட்டைச் செய்யுங்கள், அதையும் சாதாரணப் பாயின்ட் நாலைந்து முடித்த பிறகு.

பொதுத் தண்டவாளத்தை எந்தப் பக்கம் வைப்பது என்று கேட்பவர்களுக்கு, பிளாட்பாரம் பக்கம். அகலப் பாதைப் பெட்டி சுமார் 3.25 மீட்டர் அகலம், மீட்டர் கேஜ் பெட்டி சுமார் 2.75. பொதுத் தண்டவாளத்துக்கு வெளியே முதலாவது 79 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கும், இரண்டாவது 87 செ.மீ. நம் அளவில் வித்தியாசம் ஒரு மி.மீ. மட்டுமே. ஒரே பிளாட்பார ஓரம் இரண்டு வண்டிக்கும் பொருந்திவிடும். ஓரத்தை மீட்டர் கேஜ் பெட்டியை நிறுத்தி அளந்து வெட்டுங்கள், அதுதான் அதிகம் வெளியே வருவது.